ஒரே தீவு, நேர்மாறான இரண்டு விமர்சனம்: மாலத்தீவு ரிசார்ட்டில் யார் சொல்வதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருகிற பிப்ரவரியில் மனைவி, 7 வயது மகன், 68 வயது அம்மா ஆகியோரோடு மாலத்தீவில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நான்கு இரவு தங்க நினைக்கிறீர்கள். பார்த்து வைத்திருக்கும் ரிசார்ட்டைப் பற்றி ஒருவர் 'சொர்க்கம்' என்று எழுதியிருக்கிறார். அதே வகை அறையில் தங்கிய இன்னொருவர் 'காசைக் கடலில் கொட்டினோம்' என்கிறார். யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. ஒன்பது வருஷம் மாலத்தீவில் வெவ்வேறு ரிசார்ட்டுகளில் ஃப்ரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தேன். விருந்தினரைப் படகுத்துறையில் வரவேற்பதும், அவர்கள் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வதும், கிளம்பும்போது பில்லை நீட்டுவதும் என் வேலை. அங்கே கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: விமர்சனத்தில் நட்சத்திரத்தைப் பார்க்கக் கூடாது, மாதத்தைப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். ஒரு ஜூலை மாதம், இத்தாலியத் தம்பதி ஒன்று சூரியன் மறையும் பக்கத்து பீச் வில்லாவுக்கு வந்தார்கள். அரை மணி நேரத்தில் அந்த மனிதர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டார். முந்தைய பிப்ரவரியில் அதே வில்லாவில் எடுத்த படம் அதில் இருந்தது. சாய்ந்த தென்னை ஒன்று, அதன் கீழே அவர் மகன், அவனுக்குப் பின்னால் இருபது தப்படிக்காவது வெள்ளை மணல். இப்போது அந்தத் தென்னையின் வேரை அலை நக்கிக்கொண்டிருந்தது. மணலே இல்லை, வில்லாப் படியிலிருந்து இறங்கினால் கணுக்கால் தண்ணீர், பக்கத்தில் அடுக்கி வைத்த மணல் மூட்டைகள். "வேறு வில்லாவைக் கொடுத்து ஏமாற்றுகிறீர்கள்" என்றார். அவரைத் தீவின் கிழக்குப் பக்கம் அழைத்துப் போனேன். நடந்து போக எட்டு நிமிஷம். அங்கே அவருடைய மணல் முழுவதும் கிடந்தது.

மாலத்தீவின் தீவுகள் பாறை மேல் நிற்கும் நிலம் இல்லை, பவளத் திட்டின் மேல் குவிந்து கிடக்கும் மணல். வருஷத்தில் இரண்டு பருவக்காற்று அந்த மணலைத் தள்ளி விளையாடுகிறது. ஏறக்குறைய டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது, நம் மீனவர் வாயில் வாடை. மாலத்தீவின் திவேஹி மொழியில் அதற்கு இருவை என்று பேர். மே முதல் அக்டோபர், நவம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பது ஹுளங்கு, நமக்குக் கச்சான். கச்சான் காலத்தில் மேற்குக் கரை அரித்து மணல் கிழக்கே போய்ச் சேரும். வாடை திரும்பியதும் அதே மணல் மெல்ல மேற்குப் பக்கம் வந்துவிடும். எல்லாத் தீவிலும் ஒரே அளவில் நடக்காது. பவளத் திட்டின் வடிவத்தையும், தீவு அட்டோலின் (வளையமாக அமைந்த பவளத் திட்டுக் கூட்டத்தின்) விளிம்பில் இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பதையும் பொறுத்து மாறும். ஆனால் பொதுவான போக்கு இதுதான்.

இத்தாலியர் ஒரு நட்சத்திரம் கொடுத்து 'கடற்கரையே கிடையாது' என்று எழுதினார். அதே வாரம் கிழக்குப் பக்கம் தங்கிய இன்னொரு குடும்பம் 'மணல் முடியவே இல்லை' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

ஆகவே விமர்சனம் படிக்கும்போது முதல் வேலை, எழுதியவர் எந்த மாதம் தங்கினார், தீவின் எந்தப் பக்கம் தங்கினார் என்று பார்ப்பது. 'சன்செட்', 'சன்ரைஸ்' என்று வில்லாப் பெயரிலேயே பக்கம் இருக்கும். நீங்கள் போவது பிப்ரவரியில். முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் பொறுக்கிப் படியுங்கள். ஆகஸ்ட் மழையைத் திட்டியவரை விட்டுவிடலாம். உங்களுக்கு அவரால் பிரயோஜனம் இல்லை.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதை. லகூன் என்பது கரைக்கும் பவளத் திட்டுக்கும் இடையே உள்ள ஆழம் குறைந்த கடல். 'லகூனில் நீந்த முடியவில்லை, முழங்கால் அளவுதான் தண்ணீர்' என்று சிலர் எழுதுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளில் வற்றம் அதிகமாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான் என்றாலும், ஆழமில்லாத லகூனில் அது போதும். காலையில் நீந்திய இடத்தில் மதியம் நடக்கலாம். நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கும் சின்னப் பையனுக்கும் அந்த முழங்கால் தண்ணீரே வரம். பவளத் திட்டைத் தேடி வருகிறவருக்கு அதுவே எரிச்சல். யார் எழுதினார் என்பதும் முக்கியம் என்று இதனால்தான் சொல்கிறேன்.

பவளத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ரீஃப் செத்துக் கிடக்கிறது' என்ற புகார் அடிக்கடி வரும். அதில் ரிசார்ட்டின் தவறும் இருக்கலாம். லகூனைத் தோண்டி மணல் எடுத்துக் கரையில் போட்டிருந்தால் பக்கத்துப் பவளத்தின் மேல் சேறு படிந்துவிடும். ஆனால் பெரிய அடி கடல் சூட்டால் விழுந்தது. 1998இலும் 2016இலும் மாலத்தீவுப் பவளங்கள் மோசமாக வெளுத்தன, 2024இல் மறுபடியும். பழைய படங்களில் இருக்கும் நிறத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மீன்கள் மட்டும் குறைவில்லை. ஆமை, திருக்கை, துடுப்பு நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் எல்லாம் கரையோரமே வரும். 2010இல் அங்கே சுறா பிடிக்கத் தடை வந்தது. அந்தக் குட்டிச் சுறா மனிதரைக் கண்டால் ஓடிவிடும். மகனுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் முதல் நாள் அலறல் மிச்சம்.

அடுத்தது பணம். கோபமான விமர்சனங்களில் பாதிக்கு மேல் அறையைப் பற்றியே இருக்காது, பில்லைப் பற்றி இருக்கும்.

அங்கே ஒரு தீவு, ஒரு ரிசார்ட். ஏறக்குறைய 1,200 தீவுகளில் மக்கள் வசிப்பது 200க்கும் குறைவான தீவுகளில். ரிசார்ட்டுகள் 170க்கு மேல், பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனித் தீவில். கோவாவில் ஹோட்டல் சாப்பாடு விலை அதிகம் என்றால் தெருவில் இறங்கி இரண்டு கடை தள்ளிச் சாப்பிடலாம். இங்கே தெருவே கிடையாது. கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரமும் மின்சாரத்துக்கு ஜெனரேட்டரும் ரிசார்ட்டே வைத்திருக்கும். காய்கறி, அரிசி, முட்டை எல்லாம் படகில் வர வேண்டும். எங்கள் ஊரிலிருந்து தலைநகர் மாலேவுக்குத் தோணியில் காய்கறியும் கட்டுமானச் சாமானும் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கிருந்து நமக்கு வருவது மாசிக் கருவாடு. அந்த ஊர்ப் படகுக்கும் பேர் தோனிதான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்றை இன்னும் மறக்கவில்லை. ஹாஃப் போர்டு எடுத்திருந்தார்கள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் அதில் அடக்கம், மதியம் கிடையாது. அது அவர்களுக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டோடு வரும் தண்ணீர் பாட்டிலுக்கும் பழரசத்துக்கும் தனிக் காசு என்பதுதான் தெரியாது. ஐந்து நாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசி நாள் காலை பில்லை நான் நீட்டியபோது அந்தப் பையன் மூன்று முறை பக்கத்தைப் புரட்டினான். மனைவி பக்கத்தில் நின்று சிரித்தபடியே இருந்தாள். "ஒண்ணுமில்ல, நீ போய் பேக் எல்லாம் வந்துடுச்சான்னு பாரு" என்று அவளை அனுப்பிவிட்டு, இரண்டு கார்டில் பிரித்துக் கட்டினான். தண்ணீருக்கு மட்டும் நூறு டாலருக்கு மேல். சாப்பாட்டுத் திட்டத்தின் விவரம் எழுதிய தாள் அவன் அறை மேசையில் முதல் நாளிலிருந்தே இருந்தது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். வாய்விட்டு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு தமிழ் முகம் தெரிந்தால் செக்-இன் மேசையிலேயே சொல்லிவிடுவேன்.

வரிக்கணக்கும் இப்படித்தான் கழுத்தை அறுக்கும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அர்த்தம். ஓர் இரவு 400 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 440. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம். 2025 ஜூலையில்தான் 16இலிருந்து ஏறியது. மொத்தம் 514 டாலர் 80 சென்ட். இது போக பசுமை வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். 2025 தொடக்கம் வரை அது 6 டாலராக இருந்தது. உங்கள் மகனுக்கும் உண்டு, இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத்தான் விலக்கு. நான்கு பேர், நான்கு இரவு, ஆக 192 டாலர். முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் இதெல்லாம் அடக்கமா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேளுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஃபுல் போர்டு, அதாவது மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். சாப்பாட்டோடு பானங்களும் அடக்கமான ஆல் இன்க்ளூசிவ் என்பதில் கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பகுதி மதுவுக்கான விலை. அம்மாவும் பையனும் குடிக்கப் போவது எலுமிச்சை ஜூஸ். மது என்றதும் ஒரு எச்சரிக்கை: அங்கே அது ரிசார்ட், சுற்றுலாப் படகு போன்ற அனுமதி பெற்ற இடங்களில் மட்டும்தான். விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கிக்கொண்டு போனால் மாலே சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். மின்சிகரெட்டையும் கொண்டு போகக் கூடாது.

இனி போய்ச் சேரும் வழி. 'விடுமுறை ஆரம்பத்திலேயே பாழ்' என்று தொடங்கும் விமர்சனங்களின் ஊற்று இதுதான். மாலே விமான நிலையத்திலிருந்து அருகில் உள்ள தீவுகளுக்கு வேகப்படகு, தொலைவில் உள்ளவற்றுக்குக் கடல் விமானம், இன்னும் தெற்கே உள்ளவற்றுக்கு உள்நாட்டு விமானமும் படகும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைக்குக் கடல் விமானம் கிடைக்காது. விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்க வேண்டும், ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய காசு போனதுதான். கிளம்பும் நேரமும் முதல் நாள் மாலைதான் உறுதியாகும். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மிஞ்சினால் தனிக் கட்டணம். ஆளுக்குப் போக வர 400 டாலரிலிருந்து 600, 700 வரை ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து பேர் உட்காரும் அந்தச் சின்ன ட்வின் ஆட்டர் விமானத்தில், செருப்பில்லாமல் வெறுங்காலோடு ஓட்டும் விமானியின் முதுகைப் பார்த்துக்கொண்டே, கீழே கடலில் யாரோ பச்சை வளையல்களைச் சிதறவிட்டது மாதிரி அட்டோல்களைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் அந்த நாட்டில் இல்லை. பையன் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டான். அம்மாவுக்குத்தான் யோசனை. மிதவையிலிருந்து குறுகலான ஏணியில் ஏற வேண்டும், உள்ளே குனிந்து போக வேண்டும், காது அடைக்கும் சத்தம், குளிர்சாதனம் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர் என்றால் வேகப்படகில் முக்கால் மணிக்குள் போகும் தீவாகப் பாருங்கள். படகிலும் பின்பக்க இருக்கை கேளுங்கள். முன்பக்கம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும்.

தண்ணீர் மேல் கட்டிய வாட்டர் வில்லா வேண்டும் என்று உங்கள் மனைவி கேட்டிருப்பார். எல்லோரும் கேட்கிறார்கள், படமே அதுதானே. இந்தப் பயணத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பல ரிசார்ட்டுகளில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வாட்டர் வில்லாவில் விட மாட்டார்கள், விட்டாலும் 'பொறுப்பு எங்களுடையது' என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள். தளத்தில் தடுப்பு இல்லாத இடமும் உண்டு, கீழே கடல். சாப்பாட்டுக்கூடம் வரை நீண்ட மரப்பாலத்தில் நடக்க வேண்டும். பக்கியை (தீவுக்குள் ஓடும் சின்ன வண்டி) கூப்பிட்டால் மதிய வெயிலில் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அத்தோடு பிப்ரவரியில் கிழக்கே பார்த்த வில்லா கிடைத்தால் வாடை இரவெல்லாம் கதவை உலுக்கும். கடற்கரை வில்லாவில் கதவைத் திறந்தால் மணல், மரநிழல், ஊஞ்சல். நீங்கள் இருவர் மட்டும் வேறொரு முறை போகும்போது வாட்டர் வில்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினருக்கு எது பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், புகாரையே அடுக்கினால் நியாயம் இல்லை. ஒன்பது வருஷத்தில் நான் கவனித்தது, ஸ்பாவும் மெழுகுவர்த்தி விருந்தும் விமர்சனத்தில் இடம்பிடிக்கும், ஆனால் ஆட்கள் திரும்பத் திரும்பப் பேசுவது வேறு எதையாவது. மதுரைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். கடலில் கால் வைக்கவே இல்லை. இரண்டாம் நாள் இரவு படகுத்துறை விளக்குக்குக் கீழே தண்ணீரில் திருக்கைகள் வட்டம் போடுவதைப் பார்த்துவிட்டார். பிறகு தினமும் எட்டு மணிக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டும், எங்கள் பையன்களில் ஒருவன் அதைச் செய்வான். "அந்தப் பெரியவன் இன்னைக்கு வரலையே" என்று ஒரு திருக்கையைத் தேடுவார். சமையலறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். பாட்டி வந்தது தெரிந்து தினம் இரவு ஒரு சின்னப் பாத்திரத்தில் ரசம் வைத்து அனுப்பினார். பட்டியலில் இல்லாத சாப்பாடு. பில்லிலும் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். பெரும்பாலான ரிசார்ட்டுச் சமையலறையில் இலங்கைக்காரரோ நம் ஊர்க்காரரோ இருப்பார்கள். சைவமா, தயிர்ச் சாதம் வேண்டுமா, காரம் ஆகாதா, எல்லாவற்றையும் போவதற்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் கேட்ட பொருள் அடுத்த படகில்தான் வரும். உள்ளூர்ச் சாப்பாட்டில் மஸ் ஹுனியை விட்டுவிடாதீர்கள். மீன், தேங்காய்த்துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை பிசைந்து ரொட்டியோடு காலையில் தருவார்கள். அசைவம் சாப்பிடுபவர் என்றால் பேன்கேக் வரிசைப் பக்கம் போகவே மாட்டீர்கள்.

விமர்சனம் படிப்பதில் இன்னொரு உள்விஷயம். ஒரே ஊழியரின் பெயர் பத்துப் பதினைந்து விமர்சனங்களில் அடுத்தடுத்து வந்தால், அந்தச் சமயம் பெயர் எழுதச் சொல்லிக் கேட்கும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கமும் அது உண்டு. பெயர் வந்தால் மாதக் கடைசியில் ஒரு பாராட்டு, சில இடத்தில் சின்னத் தொகை. சேவை மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை, ஆனால் அந்த ஐந்து நட்சத்திரத்தில் கொஞ்சம் நட்புக் கடன் கலந்திருக்கிறது. நான் எப்போதும் படிப்பது மூன்று நட்சத்திரக்காரர்களை. அவர்களுக்குத்தான் நிதானம் இருக்கும்: அறை நன்று, ஏசி சத்தம், பஃபே நான்காம் நாள் அலுத்துவிட்டது, பக்கத்துத் தீவில் கட்டுமானம் நடக்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம். செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் தீவையும் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். தோண்டும் கப்பல் நிற்கிறதா, தீவின் நடுவில் ஊழியர் குடியிருப்பும் ஜெனரேட்டரும் எங்கே, கடல் விமானத் துறை எந்த வில்லாவை ஒட்டி என்றெல்லாம் அதிலேயே தெரியும்.

செலவு கையை மீறினால் மாற்று உண்டு. மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த 2009க்குப் பிறகு அனுமதி வந்தது. மாஃபுஷி, திகுரா போன்ற தீவுகளில் ரிசார்ட் விலையில் சிறு பங்குக்குத் தங்கலாம். மது கிடையாது, நீச்சலுடை அதற்கென்று ஒதுக்கிய கரையில் மட்டும், வெள்ளிக்கிழமை அரசுப் படகு பெரும்பாலும் ஓடாது. ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டிப் பக்கத்து ரிசார்ட்டுக்குப் போய் வரவும் முடியும். அம்மாவோடு போகும்போது இது கொஞ்சம் அலைச்சல்தான்.

ஒரு சின்னத் தமாஷ்: சில ரிசார்ட்டுகள் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கும், மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால். மாலையில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. கிளம்பும் நாளில் படகு நேரம் எந்தக் கடிகாரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1972இல் திறந்த அந்த நாட்டின் முதல் ரிசார்ட்டுக்குப் பெயர் குரும்பா. திவேஹியில் இளநீர்த் தேங்காய். நம்முடைய குரும்பை பக்கத்திலேயே நிற்கிறது. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

முன்பதிவுக்கு முன் ரிசார்ட்டுக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலில் இதைக் கேளுங்கள்: பிப்ரவரியில் மேற்குப் பக்கத்துக் கடற்கரை வில்லா எண்கள் எவை, போன மாதம் எடுத்த அந்தக் கரையின் படம் ஒன்று அனுப்ப முடியுமா, ஃபுல் போர்டில் குடிநீர் அடக்கமா, எல்லா வரியும் சேர்ந்து நால்வருக்கும் மொத்தத் தொகை எவ்வளவு. படம் அனுப்பாமல் விளம்பரக் கையேட்டை அனுப்பினால் அடுத்த தீவைப் பாருங்கள்.